முடிந்த தேருக்கு ஏன் வெள்ளோட்டம்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் நாற்பது எக்ஸ்டென்ஷன்களும் ஆஸ்டெரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் முதலில் ‘ரிலீஸ் கேண்டிடேட்’ என்று ஒன்றை அறிவித்து, சோதித்துப் பாருங்கள் என்கிறார்கள். வேலை முடிந்துவிட்டது என்றால் நேராக வெளியிட வேண்டியதுதானே? முடியவில்லை என்றால் எங்கள் கையில் ஏன் கொடுக்கிறார்கள்? ‘அரைவேக்காட்டைத் தொடாதே, நாம் என்ன சோதனை எலியா?’ என்கிறார் எங்கள் மேலாளர். அவர் சொல்வது சரியா?

— ஒரு வாசகர், ஈரோடு

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்து ரசித்தேன். அவ்வளவு நேர்த்தியான முடிச்சு. முடிந்ததென்றால் வெளியிடு, முடியாததென்றால் கொடுக்காதே. இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு நிலை இருக்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த மூன்றாவது நிலைக்குத் தமிழில் நெடுங்காலமாகவே பெயர் உண்டு: வெள்ளோட்டம்.

கோயிலுக்குப் புதுத் தேர் செய்கிறார்கள். ஸ்தபதி உளியைக் கீழே வைத்துவிட்டார். அச்சு, சக்கரம், வடம் எல்லாம் தயார். ஆனாலும் திருவிழாவன்று அதை முதன்முதலாக இழுப்பதில்லை. அதற்கு முன்பே ஒருநாள், சுவாமியை எழுந்தருளச் செய்யாமல், தேரை மட்டும் வீதி சுற்றி இழுத்துப் பார்க்கிறார்கள். சிற்பம் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக அல்ல. வீதி முனையில் தேர் திரும்புகிறதா, மின்கம்பி இடிக்கிறதா, மண் இளகிய இடத்தில் சக்கரம் புதைகிறதா என்று பார்ப்பதற்காக. இவையெல்லாம் பட்டறையில் தெரிய வழியில்லாத சங்கதிகள். ரிலீஸ் கேண்டிடேட்டும் அப்படித்தான். செய்தவர்களின் வேலை முடிந்துவிட்டது; வீதியின் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இனி படிப்படியாகப் பார்ப்போம். மற்ற வாசகர்களுக்காக முதலில் ஓர் அறிமுகம். அலுவலகங்களில் பல எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்றும், வெளி லைன்களோடும் இணைக்கும் பெட்டியை இபிஏபிஎக்ஸ் என்பார்கள். அந்தப் பெட்டி செய்யும் வேலையைச் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடும் மென்பொருள்தான் ஆஸ்டெரிஸ்க். 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு உதவி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். வரும் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்க அவருக்கு ஓர் இணைப்பகம் தேவைப்பட்டது, விலை கட்டுபடியாகவில்லை. தாமே ஒன்றை எழுதிவிட்டார். எழுதியதை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு பொதுவில் வைத்தார். 1.0 என்ற எண்ணோடு முதல் பதிப்பு 2004இல் வந்தது. இன்று சங்கோமா என்ற நிறுவனத்தின் ஆதரவில் அது வளர்கிறது. ஏறக்குறைய ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு, பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் வருகிறது.

ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் முன்னால் நீங்கள் சொல்லும் அறிவிப்பு வருகிறது. 22.0.0-ஆர்சி1 என்று இருந்தால், 22 என்பது பதிப்பின் எண், ஆர்சி என்பது ரிலீஸ் கேண்டிடேட்டின் சுருக்கம், கடைசி 1 அதன் வரிசை எண். கேண்டிடேட் என்றால் வேட்பாளர். பெயரே நிலைமையைச் சொல்லிவிடுகிறது: தகுதியெல்லாம் உண்டு, மனுவும் தாக்கல் செய்தாயிற்று, இன்னும் தேர்வாகவில்லை.

உங்கள் மேலாளரின் ‘அரைவேக்காடு’ என்ற சொல்லை இப்போது எடுத்துக்கொள்வோம். பலருக்கும் இருக்கும் எண்ணம்தான் இது, ஆனால் சரியல்ல. மென்பொருள் உருவாகும்போது பல கட்டங்களைக் கடக்கிறது. புதிய வசதிகள் சேர்ந்துகொண்டே இருக்கும் காலம் ஒன்று. வசதிகள் சேர்ந்தபின் பெரிய பிழைகளைக் களையும் காலம் அடுத்தது. இதைப் பீட்டா என்பது வழக்கம். ரிலீஸ் கேண்டிடேட் இவற்றுக்கெல்லாம் பின்னால் வருவது. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் புதிதாக எந்த வசதியும் உள்ளே வராது. கண்டுபிடித்த பிழைக்கான திருத்தம் மட்டுமே வரலாம். பிழை தெரிந்தால் திருத்தி ஆர்சி2 என்று மறுபடி வெளியிடுவார்கள். எதுவும் தெரியாவிட்டால் அதே மென்பொருள்தான், ‘ஆர்சி’ என்ற ஒட்டு மட்டும் நீங்கி, இறுதிப் பதிப்பாகிவிடும். ஆக, உங்கள் கைக்கு வருவது வெந்த சோறுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறான எண்ணம்: சோதிக்கும் வேலையைத் தாங்கள் செய்யாமல் பயனர் தலையில் கட்டுகிறார்கள் என்பது. இதுவும் உண்மையல்ல. ஆஸ்டெரிஸ்க்குக்கென்றே பெரிய தானியங்கிச் சோதனைத் தொகுப்பு இருக்கிறது. பொய்யான போன்கள் பொய்யான அழைப்புகளைச் செய்யும்; மென்பொருள் சரியாகப் பதில் சொல்கிறதா என்று இன்னொரு நிரல் கவனிக்கும். யாராவது ஒரு வரி மாற்றினாலும், மற்றொருவர் படித்துப் பார்த்து, சோதனைகள் தேறிய பிறகே அது உள்ளே போகிறது.

பிறகு எதற்கு வெள்ளோட்டம்? இங்கேதான் உண்மையான காரணம் இருக்கிறது. எழுதியவர் வைக்கும் சோதனை, எழுதியவருக்குத் தோன்றிய கேள்விகளை மட்டுமே கேட்கும். தொலைபேசி மென்பொருளோ முன்பின் தெரியாதவர்களோடு பேசிப் பிழைக்க வேண்டியது. எந்தக் கம்பெனி போன், எந்த ரவுட்டர், எந்தச் சேவை நிறுவனத்தின் லைன் அதனோடு பேசப்போகிறது என்பது எழுதியவருக்குத் தெரியாது. எஞ்சியிருக்கும் பிழைகளில் பல மென்பொருளுக்குள் மட்டும் இருப்பவை அல்ல. மென்பொருளும் வெளியுலகமும் சந்திக்கும் இடத்தில் இருப்பவை. சந்திப்பு நிகழாமல் அவை வெளியே தெரியாது. மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, பேச்சு வழக்கு. இணையத் தொலைபேசிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மரபுக்கு எஸ்ஐபி என்று பெயர். ‘அழைக்கிறேன்’, ‘மணி அடிக்கிறது’, ‘எடுத்துவிட்டார்’, ‘வைத்துவிட்டேன்’ போன்ற செய்திகளை எப்படி எழுத வேண்டும் என்று அது விதிக்கிறது. 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணமே அதன் இலக்கணம், 269 பக்கம். அத்தனை பக்கங்களை ஐம்பது பேர் படித்தால் சில இடங்களிலாவது ஐம்பது விதமாகத்தான் புரிந்துகொள்வார்கள். வெவ்வேறு நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் கருவிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று பேசவிட்டுப் பார்க்கும் கூடுகைகளே இதற்காக நடந்திருக்கின்றன. ஆனால் உங்கள் அலுவலகத்தில் பத்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய போன் அந்தக் கூடுகைக்குப் போயிருக்குமா? அது பேசும் வட்டார வழக்கைப் புதிய பதிப்பு புரிந்துகொள்கிறதா என்று உங்களால் மட்டுமே சொல்ல முடியும்.

இரண்டாவது, வழியில் இருக்கும் தடைகள். இணையத் தொலைபேசியில் வேலை பார்ப்பவர்களுக்கு 32 என்ற எண்ணைச் சொன்னாலே புரியும். அழைப்பு வரும், எடுத்தால் குரல் தெளிவாகக் கேட்கும், சரியாக 32ஆவது நொடியில் துண்டித்துப் போகும். காரணம் இது. அழைப்பை ஆஸ்டெரிஸ்க் எடுத்ததும், ‘எடுத்துவிட்டேன்’ என்று எதிர்முனைக்குச் செய்தி அனுப்புகிறது. ‘கிடைத்தது’ என்று எதிர்முனை ஒரு வரி எழுத வேண்டும். அந்தப் பதில் வராவிட்டால் அரை நொடியில் மறுபடி அனுப்பும். பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என இடைவெளி விட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். மொத்தம் 32 நொடி காத்திருந்துவிட்டு, எதிரில் ஆளில்லை என்று முடிவுகட்டி அழைப்பை வைத்துவிடும். அரை நொடியின் 64 மடங்கு 32 நொடி. இந்தக் கணக்கு அந்த 269 பக்க இலக்கணத்திலேயே இருக்கிறது.

பதில் ஏன் வரவில்லை? அலுவலகக் கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒரு முகவரி, வெளியே தெரிவது ரவுட்டரின் முகவரி. இப்படி முகவரியை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு என்ஏடி என்று பெயர். ஆஸ்டெரிஸ்க் தன் செய்தியில் உள்முகவரியை எழுதிவிட்டால், அது கடிதத்தில் ஊர், தெரு எதுவும் இல்லாமல் ‘மாடி அறை’ என்று மட்டும் எழுதுவதற்குச் சமம். வெளியூர்க்காரர் பதிலை எங்கே அனுப்புவார்? குரல் வேறு தடத்தில் போவதால் அது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. எழுதியவரின் மேசையில் போனும் சர்வரும் ஒரே உள்வலையில் இருந்தால் இந்தச் சிக்கல் எட்டிக்கூடப் பார்க்காது. உங்கள் ரவுட்டர் உங்கள் தெருவின் திருப்பம்.

மூன்றாவது, காலமும் கூட்டமும். சில பிழைகளுக்கு நேரம் வேண்டும். சாதாரணத் தொலைபேசித் தரத்தில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். நொடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 65,535 வரைதான் கொள்ளும். அதற்குமேல் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். எண்ணிக்கை ஏதோ ஓர் எண்ணிலிருந்து தொடங்குவதால், ஏறக்குறைய 22 நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இந்தத் திருப்பம் வரும். அங்கே கணக்குத் தவறினால் குரல் நின்றுபோகும். பத்து நொடி சோதனை அழைப்பு அந்த முனை வரை போவதே அபூர்வம். இந்தத் திருப்பம் தெரிந்த ஒன்று என்பதால், எண்ணை 65,530இல் தொடங்கி இதைச் சோதித்துவிடலாம். தெரியாத திருப்பங்களை அப்படித் தேடிப் போக முடியாது. நிஜமான நீண்ட அழைப்பு ஒன்று தானாகப் போய் முட்ட வேண்டும்.

வேறு சில பிழைகளுக்குக் கூட்டம் வேண்டும். இரண்டு செய்திகள் ஒரே கணத்தில் வந்து மோதினால்தான் அவை தலைகாட்டும். இதற்கு வரலாற்றிலேயே பெரிய பாடம் ஒன்று உண்டு. 1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் நீண்டதூர இணைப்பகங்களில் புதிய மென்பொருளை ஏற்றியது. 1990 ஜனவரி 15ஆம் தேதி நியூயார்க் இணைப்பகம் ஒன்று சிறு கோளாறால் தன்னைத் தானே அணைத்துவிட்டு, சில நொடிகளில் மீண்டு எழுந்தது. எழுந்ததும் பக்கத்து இணைப்பகங்களுக்கு மறுபடி அழைப்புகளை அனுப்பத் தொடங்கியது. முதல் செய்தியைப் படித்து அவை தங்கள் குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே, நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில் அடுத்த செய்தி வந்தது. குறிப்பு குழம்பி அவையும் தங்களை அணைத்துக்கொண்டன, எழுந்தன, தங்கள் பக்கத்திலிருந்தவற்றை விழவைத்தன. 114 இணைப்பகங்கள் மாறிமாறி விழுந்தெழ, சுமார் 9 மணி நேரம் ஏறக்குறைய பாதி அழைப்புகள் போய்ச் சேரவில்லை. தேடிப் பார்த்தால், நிரலில் ‘பிரேக்’ என்ற ஒரே ஒரு கட்டளை இடம் தவறி உட்கார்ந்திருந்தது. அந்த நிறுவனத்திடம் அறிவுக்கும் பணத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் குறைவில்லை. நூறில் ஒரு நொடிக்குள் இரண்டு செய்திகள் வந்து மோதும் நெரிசல்தான் ஆய்வுக்கூடத்தில் இல்லாமல் போனது.

‘நாம் என்ன சோதனை எலியா’ என்ற கேள்விக்கு இப்போது வரலாம். எலிக்குத் தன்மேல் நடப்பது என்னவென்று தெரியாது, மறுக்கும் உரிமையும் கிடையாது. உங்களிடமோ இது வெள்ளோட்டம் என்று பெயரிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன மாறியது என்ற பட்டியல் கூடவே வருகிறது. நிரலைத் திறந்தே பார்க்கலாம். வேண்டாமென்றால் தொடவே வேண்டாம். பழைய பதிப்பின் ஆதரவும் திடீரென்று நின்றுவிடாது. ஆஸ்டெரிஸ்க்கில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒரு வகை உண்டு. அதற்கு நான்கு ஆண்டு முழுத் திருத்தங்களும், ஐந்தாம் ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். 20, 22 ஆகியவை இந்த வகை. நாற்பது எக்ஸ்டென்ஷன்களைக் காப்பவர் இப்படிப்பட்ட பதிப்பில் நிற்பதே நல்லது.

உங்கள் மேலாளர் ஒரு விஷயத்தில் முழுக்கச் சரி: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ரிலீஸ் கேண்டிடேட்டை ஏற்றக் கூடாது. வெள்ளோட்டத் தேரில் சுவாமியை ஏற்றுவதில்லை. ஒதுக்கி வைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றோ, மெய்நிகர் கணினி ஒன்றோ போதும். மெய்நிகர் கணினி என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். உங்கள் அமைப்புக் கோப்புகளின் நகலை அதில் வையுங்கள். இரண்டு மூன்று போன்களை மட்டும் அதோடு இணையுங்கள். எஸ்ஐபி வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 என்ற வாசலை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்த சர்வரைத் தேடிப் பிடித்து, உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசும் கூட்டம் எப்போதும் உலவுகிறது.

பிறகு, மேம்படுத்துவோருக்கான குறிப்பைப் படியுங்கள். 2023இல் வந்த 21ஆம் பதிப்பை நினைத்துப் பாருங்கள். போன்களோடு பேசும் பழைய பகுதியான சான்எஸ்ஐபி அதில் முழுவதுமாக நீக்கப்பட்டது. அதற்கு மாற்றான பிஜேஎஸ்ஐபி 2013இலேயே வந்துவிட்டாலும், பழையதிலேயே தங்கியிருந்த அலுவலகங்கள் பல. அந்தப் பதிப்பின் வெள்ளோட்டத்தில் கலந்துகொண்டவருக்கு, தன் போன்கள் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்பது சோதனை மேசையிலேயே தெரிந்திருக்கும். கலந்துகொள்ளாமல் நேராக ஏற்றியவருக்கு அது திங்கட்கிழமை காலை, அலுவலகம் திறந்தபின் தெரிந்திருக்கும்.

சோதிக்கும்போது உங்கள் அலுவலகத்தில் அன்றாடம் நடப்பதையே செய்து பாருங்கள். வெளி அழைப்பை ரிசப்ஷனில் எடுத்து, ஹோல்டில் போட்டு, வேறொருவருக்கு மாற்றுங்கள். மூன்று பேர் சேர்ந்து பேசுங்கள். எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போகிறதா பாருங்கள். அலுவலக வைஃபையை விட்டு மொபைல் இணையத்தில் இருக்கும் போனிலிருந்து ஒரு முறை அழையுங்கள். ஓர் அழைப்பை 32 நொடி தாண்டியும், இன்னொன்றை அரை மணி நேரம் தாண்டியும் விட்டுவையுங்கள். ஏன் அந்த எண்கள் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஏதாவது பிசகினால் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்த போன், என்ன செய்தபோது, எத்தனையாவது நொடியில் என்று எழுதுங்கள். முந்தைய பதிப்பில் அதே வேலை சரியாக நடந்ததா என்பதைத் தவறாமல் சேருங்கள். நேற்றுவரை ஓடியது இன்று நின்றதென்றால், இடையில் மாறிய வரிகளுக்குள்தான் பிழை இருக்கிறது என்று எழுதியவர் தேடும் இடத்தைச் சுருக்கிவிடலாம். சர்வர் பரிமாறிய எஸ்ஐபி செய்திகளின் பதிவையும் இணையுங்கள். அதில் உள்ள கடவுச்சொற்களையும் தொலைபேசி எண்களையும் மறைத்த பிறகு.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைப்பதற்கென்று வரும் பதிப்புக்கு வெள்ளோட்டம் கிடையாது. ஓட்டையை ஊரறியச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் கதவைத் திறந்து வைத்திருக்க முடியாதல்லவா? அப்படி வந்தால் காத்திராமல் ஏற்றிவிடுங்கள்.

எல்லோரும் இறுதிப் பதிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும்? ஒரு புகாரும் வராமல் ஆர்சி1 அப்படியே இறுதிப் பதிப்பாகிவிடும். பிழை இல்லாததால் அல்ல, பார்க்க ஆளில்லாததால். அதன்பின் அந்தப் பிழை உங்கள் நாற்பது எக்ஸ்டென்ஷன்களில் உட்கார்ந்துகொண்டு, மேலாளரின் முக்கியமான அழைப்பில் வெளிப்படும். உங்கள் பழைய போன், உங்கள் ரவுட்டர், உங்கள் லைன் மூன்றும் சேர்ந்த அந்த வீதி, இந்த மென்பொருளை எழுதுபவர்கள் யாரும் நடந்து பார்க்காதது. அதில் தேர் எங்கே திரும்பச் சிரமப்படும் என்பதை அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல முடியும். அடுத்த அறிவிப்பு வரும்போது ஒரு பழைய கம்ப்யூட்டரையும் இரண்டு போன்களையும் ஒரு மதிய நேரத்தையும் ஒதுக்குங்கள். மேலாளரையே மறுமுனையில் உட்காரவைத்து, அரை மணி நேரம் பேசிப் பாருங்கள்.